கனமான பிரேம் கண்ணாடியைச் சுவரில் விழாமல் மாட்டுவது எப்படி?

நீங்கள் கேட்டது இது: சுமார் 90 செ.மீ. அகலம், 150 செ.மீ. உயரத்தில் தடித்த மரப் பிரேம் போட்ட நிலைக்கண்ணாடி ஒன்று இருக்கிறது. பின்பக்கம் இரண்டு வளையம் வைத்துக் குறுக்கே கம்பி கட்டியிருக்கிறது. சுவரில் பெரிய ஆணி ஒன்று அடித்து அந்தக் கம்பியில் மாட்டிவிட்டால் போதுமா?

போதாது. ஆணி எவ்வளவு பெரிதானாலும் போதாது. கண்ணாடியின் எடை முதலில் பிரேமின் அடிச்சட்டத்தில் உட்காருகிறது. அங்கிருந்து மூலை இணைப்பு, பக்கச் சட்டம், வளையம், கம்பி, ஆணி, துளைக்குள் செருகும் நைலான் பிளக், செங்கல் என்று பல கை மாறித்தான் சுவருக்குப் போகிறது. இதில் எந்த இடம் கைவிட்டாலும் கண்ணாடி தரைக்கு வந்துவிடும். ஆணியைப் பற்றி மட்டும் யோசிப்பவர்கள் மற்ற இடங்களைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். அதனால் எடை போகிற வழியிலேயே போய் ஒவ்வொரு இடமாகப் பார்ப்போம்.

முதலில் எடை எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, தடிமனில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2.5 கிலோ எடை இருக்கும். அதாவது 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ, 5 மி.மீ. என்றால் 12.5 கிலோ, 6 மி.மீ. என்றால் 15 கிலோ. உங்கள் கண்ணாடி 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் தகடு மட்டுமே ஏறக்குறைய 17 கிலோ. மரச்சட்டம், பின்பலகை எல்லாம் சேர்ந்தால் 25 கிலோவைத் தொட்டுவிடும். கணக்குப் போடுவதைவிட நேராக நிறுத்துப் பார்ப்பது நல்லது. எடை பார்க்கும் மெஷினில் நீங்கள் தனியாக ஒருமுறை, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை நின்று கழித்துப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்கட்டும்.

அடுத்தது பிரேம். படத்துக்குப் போடுகிற பிரேமும் கண்ணாடிக்குப் போடுகிற பிரேமும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் படத்துக்கான பிரேம் 17 கிலோவைச் சுமப்பதற்காகச் செய்ததில்லை. கண்ணாடித் தகடு முழுவதும் அடிச்சட்டத்தின் மேல் நிற்கிறது. அந்த அடிச்சட்டம் பக்கச் சட்டங்களோடு இரண்டு மூலைகளில் மட்டும்தான் சேர்ந்திருக்கிறது, அந்த மூலைகள் பெரும்பாலும் 45 டிகிரியில் வெட்டிப் பசை தடவி சின்ன ஆணி அடித்தவை. கண்ணாடியைப் படுக்கவைத்து மூலைகளைப் பாருங்கள். நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தாலோ, லேசாக முறுக்கும்போது அசைந்தாலோ, நான்கு மூலையிலும் பின்பக்கம் எல் வடிவ இரும்புத் தகடு வைத்து ஸ்க்ரூ போடுங்கள். மூலை நன்றாக இருந்தாலும் கீழ் இரண்டு மூலைகளுக்காவது தகடு போடச் சொல்வேன். செலவும் நேரமும் பெரிதில்லை. விழுந்து உடைகிற கண்ணாடிகளில், சுவரில் கொக்கி அப்படியே இருக்க, பிரேமின் அடி மட்டும் கழன்று தகடு நழுவி இறங்குவதும் உண்டு.

வளையங்கள் எங்கே இருக்கின்றன என்றும் பாருங்கள். அவை பக்கச் சட்டங்களில் இருக்க வேண்டும், உச்சியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள். மேல்சட்டத்தில் மட்டும் இருந்தால் முழு எடையும் மேல் மூலை இணைப்புகளைப் பிரித்து இழுக்கும். பின்பலகையில் எதையும் திருகக் கூடாது, அது தூசி வராமல் மறைக்க மட்டும்தான். ஒரே ஸ்க்ரூவில் நிற்கும் சின்ன வளையங்களைக் கழற்றிவிட்டு, இரண்டு மூன்று ஸ்க்ரூ போடக்கூடிய பட்டை வளையங்களை வையுங்கள். ஸ்க்ரூ சட்டத்தின் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு இறங்கினால் போதும். அதற்கு மேல் போனால் முன்பக்கம் முனை எட்டிப் பார்க்கும், கண்ணாடி விளிம்பில் பட்டால் விரிசல் விழும்.

இப்போது கம்பிக்கு வருவோம். கனமான கண்ணாடிக்குக் கம்பி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, அதற்குக் காரணம் இருக்கிறது. ஒற்றை ஆணியில் தொங்கும் கம்பி இரண்டு பக்கமும் சாய்வாக இறங்குகிறது. சாய்வு குறையக் குறைய கம்பியின் இழுவிசை ஏறிக்கொண்டே போகும். உங்கள் வளையங்கள் 80 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கம்பியின் நடு வளையங்களைவிட 23 செ.மீ. உயரத்தில் நின்றால் கம்பியின் ஒவ்வொரு பாதியிலும் விசை கிட்டத்தட்ட 25 கிலோ, அதாவது கண்ணாடியின் முழு எடை. கம்பி பிரேமுக்கு மேலே தெரியாமல் இருக்க இறுக்கிக் கட்டி, நடு 7 செ.மீ. மட்டும் உயர்ந்தால் அதே விசை ஏறக்குறைய 72 கிலோ. 25 கிலோ கண்ணாடி தன் வளையங்களை 72 கிலோவில் இழுக்கிறது, அதுவும் பக்கச் சட்டங்களை உள்நோக்கி வளைக்கிற திசையில். கம்பி முறுக்கிய இடத்தில் இழையிழையாக அறுபடுவதற்கும், நீண்ட பிரேம்கள் நடுவில் ஒடுங்குவதற்கும் இதுதான் காரணம்.

கம்பி வேண்டாம் என்றால் இரண்டு வழி இருக்கிறது. எளியது, இரண்டு வளையத்துக்கும் நேராகச் சுவரில் தனித்தனி கொக்கி போட்டு மாட்டுவது. அப்போது ஒவ்வொரு பக்கமும் பாதி எடைதான், நேராகக் கீழ்நோக்கி மட்டும். ஆனால் இரண்டு கொக்கியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மில்லிமீட்டர் பிசகினாலும் எடை ஒரு பக்கம் சாயும், கண்ணாடி கோணலாகத் தெரியும்.

நான் சொல்வது இரண்டாவது வழி, பிரெஞ்ச் கிளீட் எனப்படும் சாய்வெட்டுப் பட்டி. 18 மி.மீ. தடிமனுள்ள நல்ல பிளைவுட் அல்லது கெட்டி மரப் பட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அகலம் 10 செ.மீ. அதை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக இரண்டாக அறுக்க வேண்டும். ஒரு பாதி சுவருக்கு, மறு பாதி பிரேமின் பின்புறத்துக்கு. சுவர்ப் பட்டியின் வெட்டு முகம் மேலே பார்த்தபடி, உள்ளே சுவரை நோக்கிச் சரிய வேண்டும், அதாவது சுவருக்கும் பட்டிக்கும் நடுவே ஒரு பள்ளம் கிடைக்க வேண்டும். பிரேமில் இருக்கும் பட்டி தலைகீழாக, வெட்டு முகம் கீழே பார்த்தபடி வந்து அந்தப் பள்ளத்தில் உட்காரும். எடை அதிகமானால் இரண்டும் இன்னும் இறுகித்தான் உட்காருமே தவிர விலகாது. இதே வேலையைச் செய்யும் அலுமினியப் பட்டிகள் ஜோடியாகவே கிடைக்கின்றன, தடிமன் குறைவு என்பதால் கண்ணாடி சுவரோடு ஒட்டி நிற்கும்.

இதில் எனக்குப் பிடித்தது சுவர்ப் பக்கம் கிடைக்கிற சுதந்திரம்தான். வளையம் சொல்லும் இடத்தில்தான் துளை போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 80 செ.மீ. நீளப் பட்டி என்றால் நான்கு ஐந்து ஸ்க்ரூக்களை நல்ல செங்கல் கிடைக்கும் இடமாகப் பார்த்துப் போடலாம், ஒன்று சரியாகப் பிடிக்காவிட்டாலும் மற்றவை தாங்கும். மாட்டிய பிறகு கண்ணாடியை இடம் வலம் கொஞ்சம் நகர்த்தவும் முடியும். பிரேம் பட்டியின் இரு முனைகளும் பக்கச் சட்டங்கள் வரை நீண்டு அவற்றிலும் ஸ்க்ரூ இறங்க வேண்டும், மேல்சட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பட்டி 18 மி.மீ. என்பதால் கண்ணாடியின் தலை அந்த அளவு முன்னால் வரும். அதே தடிமனில் இரண்டு சிறு துண்டுகளைப் பிரேமின் அடியில் ஒட்டினால் நேராக நிற்கும். இன்னொன்று, மாட்டும்போது கண்ணாடியைப் பட்டியின் உயரத்துக்கு மேல் தூக்கி இறக்க வேண்டும். மேலே அலமாரியோ சீலிங்கோ இடித்தால் இந்த முறை நடக்காது, அளந்து பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சரி, சுவர். அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான், ஏனென்றால் பெயின்ட் அடித்த பிறகு எல்லாச் சுவரும் ஒன்றுபோலத்தான் தெரியும். கண்ணாடி மறைக்கப்போகும் இடத்தில் டிரில்லில் மெல்லிய பிட் போட்டு ஒரு சோதனைத் துளை இடுங்கள், வரும் தூள் சொல்லிவிடும். முதலில் வருவது பூச்சு. அது 12 முதல் 20 மி.மீ. வரை இருக்கும், அதற்குப் பிடிமானம் கிடையாது. பிறகு சிவப்புத் தூள் வந்தால் செங்கல். பிட் இறங்கவே மறுத்துச் சாம்பல் நிறத்தில் பொடி வந்தால் கான்கிரீட். சாம்பலோ வெள்ளையோ, வெண்ணெயில் இறங்குவதுபோல் சுலபமாகப் போனால் ஏஏசி பிளாக், அதாவது காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான சிமென்ட் கல். கொஞ்சம் கெட்டியாகப் போய்த் திடீரென்று வெற்றிடத்தில் விழுந்தால் ஹாலோ பிளாக். வெள்ளை மாவும் உடனே வெற்றிடமும் என்றால் ஜிப்சம் போர்டு.

கெட்டிச் செங்கல், கான்கிரீட் இரண்டும் சுலபம். 8 மி.மீ. நைலான் பிளக், 5 மி.மீ. ஸ்க்ரூ போதும். இங்கே கவனிக்க வேண்டியது நீளம். 40 மி.மீ. பிளக்கைச் சுவர் மட்டத்தோடு நிறுத்தினால் அதில் 15 மி.மீ. பூச்சுக்குள்ளேயே போய்விடும், செங்கலைப் பிடிப்பது வெறும் 25 மி.மீ. பிளக்கைத் தட்டிப் பூச்சைத் தாண்டி உள்ளே தள்ளுங்கள். அப்போது ஸ்க்ரூ நீளம் இப்படி வரும்: பட்டி 18, பூச்சு 15, பிளக் 40, பிளக்கின் முனையைத் தாண்ட 5, மொத்தம் 78. ஆக 80 மி.மீ. ஸ்க்ரூ வாங்க வேண்டும். துளை பிளக் உட்காரும் ஆழத்தைவிட 10 மி.மீ. அதிகம் இருக்கட்டும். துளைக்குள் இருக்கும் தூளை ஊதியோ உறிஞ்சியோ முழுவதும் எடுத்துவிடுங்கள். தூள் தங்கினால் பிளக் சுவரைப் பிடிக்காமல் தூளைப் பிடித்துக்கொண்டிருக்கும். துளை இரண்டு செங்கலுக்கு நடுவே சாந்தில் விழுந்தால் சில செ.மீ. தள்ளிப் போடுங்கள். கான்கிரீட்டில் இரும்பு விரிவு போல்ட்டும் போடலாம். செங்கலில், அதுவும் விளிம்புக்கு அருகில் அதைப் போட்டால் விரியும்போது கல்லையே பிளந்துவிடும்.

ஏஏசி, ஹாலோ பிளாக், பழைய சுண்ணாம்புச் சுவர் மூன்றிலும் டிரில்லில் சுத்தியல்போல் இடிக்கும் ஹேமர் முறையை அணைத்துவிட்டுத் துளையிடுங்கள். அதிர்வில் துளை அகன்றும் உள்சுவர் உடைந்தும் போகும். ஏஏசிக்கென்றே வரும் நீளமான நைலான் பிளக் வேண்டும், சாதாரணப் பிளக் கையோடு வந்துவிடும். ஹாலோ பிளாக்கில் வலைக்குழாய் செருகி அதில் ரசாயனப் பசையை நிரப்பி நிறுத்தும் ஆங்கர்தான் நம்பகமானது. உதிர்கிற பழைய சுவருக்கும் அதையே சொல்வேன். பசை முழுவதும் இறுகும் நேரம் குழாய் மேலேயே அச்சிட்டிருக்கும், அதற்கு முன் எடையை ஏற்றாதீர்கள்.

ஜிப்சம் போர்டு என்றால், போர்டை மட்டும் நம்பி 25 கிலோவைத் தொங்கவிடாதீர்கள். போர்டுக்குப் பின்னால் 40 அல்லது 60 செ.மீ. இடைவெளியில் நிற்கும் சட்டங்களைத் தேடுங்கள். ஒரு சின்ன காந்தத்தைச் சுவரில் மெல்ல நகர்த்தினால், போர்டைச் சட்டத்தில் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தலைகளில் ஒட்டும். அவை செங்குத்தாக ஒரே வரிசையில் கிடைத்தால் அதுதான் சட்டம். சாய்வெட்டுப் பட்டியை இரண்டு சட்டங்களில் பிடிக்கவைத்துவிட்டால் கவலை இல்லை. உள்ளே இருப்பது மெல்லிய தகட்டுச் சட்டம் என்றால் சாதாரண மர ஸ்க்ரூவை நம்பாமல், தகட்டைத் துளைத்துப் பின்னால் இறக்கை விரிக்கும் டாகில் போல்ட் போடுங்கள். ஜிப்சம் போர்டைப் பொருத்தப் பயன்படும் கறுப்பு ஸ்க்ரூ எந்தச் சுவரிலும் வேண்டாம். அது கடினமாக்கப்பட்ட இரும்பு, வளையாமல் பட்டென்று முறியும்.

ஸ்க்ரூவின் மேல் விழும் சுமை எப்படிப்பட்டது என்று தெரிந்தால் வேலை இன்னும் தெளிவாகும். சுவரை ஒட்டி நிற்கும் கண்ணாடி ஸ்க்ரூவை வெளியே இழுப்பது மிகக் குறைவு. 25 கிலோ கண்ணாடியின் எடைமையம் சுவரிலிருந்து 3 செ.மீ. தள்ளி இருந்து, பட்டியிலிருந்து அடிவரை 130 செ.மீ. இருந்தால், வெளியே இழுக்கும் விசை மொத்தமே அரை கிலோ சொச்சம்தான். மீதி எல்லாம் கீழ்நோக்கி அழுத்துவது. ஆனால் கொக்கியோ ஸ்க்ரூவோ சுவரிலிருந்து 2 செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் அதே எடை கடப்பாரை வைத்து நெம்புவதுபோல் பிளக்கை நெம்பத் தொடங்கும். பிடிக்கும் இடம் எவ்வளவு சுவரை ஒட்டி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மொத்தப் பிடிமானம் கண்ணாடியின் எடையைப்போல் நான்கு மடங்காவது தாங்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கதவு அறைந்து சாத்தும் அதிர்வு, யாராவது கை ஊன்றுவது எல்லாம் அந்த உபரிக்குள் அடங்கும்.

டிரில்லைத் தொடும் முன் வயரையும் பைப்பையும் நினையுங்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கிடைமட்டமாகவும் வயர் ஓடும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். குழாய், ஷவர் இருக்கும் இடங்களில் நேர் மேலும் கீழும் தண்ணீர் பைப் ஓடும். வயர் கண்டுபிடிக்கும் கருவி கிடைத்தால் பயன்படுத்துங்கள், அந்த அறைக்கான மின்சாரத்தையும் நிறுத்திவிடுங்கள்.

உயரம் உங்கள் விருப்பம். ஆனாலும் ஒரு கணக்கு உதவும். நின்றபடி முழு உருவமும் தெரிய உங்கள் உயரத்தில் பாதி நீளக் கண்ணாடி போதும், எவ்வளவு தூரம் தள்ளி நின்றாலும் இது மாறாது. 170 செ.மீ. உயரமுள்ளவருக்குக் கண் 158 செ.மீ. உயரத்தில் இருந்தால், தரையிலிருந்து 79 முதல் 164 செ.மீ. வரை கண்ணாடி இருந்தாலே பாதம் முதல் உச்சி வரை தெரியும். உங்களுடையது 150 செ.மீ. நீளம் என்பதால் அடி 30, 40 செ.மீ. உயரத்தில் வந்தால் வீட்டில் குள்ளமானவர், உயரமானவர் எல்லாருக்கும் சரியாக இருக்கும். பிரேமின் அளவில் ஒரு காகிதத்தை வெட்டிச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பட்டியை ஒரு ஸ்க்ரூவில் மட்டும் பிடித்து, ரசமட்டம் வைத்து நேராக்கி, பிறகு மற்ற துளைகளைக் குறியுங்கள்.

கண்ணாடியை ஏற்றும் முன் சோதித்துப் பார்ப்பதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். பிரேமில் பொருத்தவேண்டிய பட்டியை முதலில் தனியாகச் சுவர்ப் பட்டியில் மாட்டி, இரு முனைகளிலும் கயிறு கட்டி, ஆளுக்கு 20 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் இரண்டு வாளிகளைத் தொங்கவிடுங்கள். 40 கிலோ ஆயிற்று. சுவர்ப் பட்டியின் மேல் விளிம்பையொட்டிச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் பட்டி கோட்டைவிட்டு இறங்கியிருந்தாலோ, பூச்சில் முடிக்கீறல் தெரிந்தாலோ அந்தச் சுவருக்கு அந்தப் பிளக் சரியில்லை. தண்ணீர் வாளி விழுந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

ஏற்றும்போது இரண்டு பேர் வேண்டும், காலில் ஷூ, கையில் பிடிமானமுள்ள கையுறை. கண்ணாடியை எப்போதும் நிமிர்த்தி, விளிம்பு கீழே இருக்கும்படிதான் தூக்க வேண்டும். படுக்கைவசமாகத் தூக்கினால் தன் எடையிலேயே நடுவில் வளைந்து உடையக்கூடும். இருவரும் பட்டிக்கு மேல் தூக்கி, சுவரோடு ஒட்டியபடி மெல்ல இறக்குங்கள். பட்டி பள்ளத்தில் அமர்ந்தது கையில் தெரியும். தெரிந்தாலும் உடனே கையை விடாமல், ஒருவர் பிடித்திருக்க மற்றவர் பக்கவாட்டில் குனிந்து இரண்டு முனையும் அமர்ந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். குழந்தைகள் இருக்கும் வீடு, நிலநடுக்கம் வரும் பகுதி என்றால், கீழே இரண்டு மூலைகளையும் சிறு தகடு வைத்துச் சுவரோடு பிடித்துவிடுங்கள், யாராலும் தூக்கிக் கழற்ற முடியாது. கண்ணாடியின் முதுகில் பாதுகாப்புப் பிலிம் ஒட்டிக்கொள்வதும் நல்லது. உடைந்தாலும் சில்லுகள் சிதறாமல் பிலிமிலேயே நிற்கும்.

பசையை மட்டும் வைத்து ஒட்டலாமா என்று பலர் கேட்பார்கள். பிரேம் போட்ட கண்ணாடிக்கு வேண்டாம். பசை பிடிப்பது பெயின்ட்டை, பெயின்ட் பிடித்திருப்பது பூச்சின் மேல் தோலை, அந்தத் தோல் உரிந்தால் எல்லாம் சேர்ந்து வரும். பிரேம் இல்லாத தகட்டை ஒட்டுவதானாலும் புளித்த காடி வாடை அடிக்கும் சிலிக்கோனைத் தொடாதீர்கள், அது முதுகிலிருக்கும் வெள்ளிப் பூச்சை அரித்துக் கறுப்பாக்கும். கண்ணாடிக்கென்று வரும் நியூட்ரல் வகைதான் சரி. ஈரமான அறையில் மாட்டுவதாக இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போட்டு, முதுகுக்கும் சுவருக்கும் காற்று போக இடைவெளி விடுங்கள்.

சோதனையில் சுவர் தேறவில்லை என்றாலோ, கண்ணாடி 40 கிலோவைத் தாண்டினாலோ, எடையைத் தரையிடமே கொடுத்துவிடுங்கள். அடியில் தரையில் நிற்கும் மரக்கட்டை அல்லது சுவரோடு போல்ட் போட்ட இரும்புத் தாங்கிகள் எடையைச் சுமக்கட்டும், மேலே இரண்டு பிடிகள் முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்ளட்டும். சுவரில் சாய்த்து வைக்கும் கண்ணாடிக்கும் மேலே அந்தப் பிடி கட்டாயம் வேண்டும்.

இதையெல்லாம் செய்ய ஒரு வாரம் ஆகும், கண்ணாடி இப்போதே கம்பியில் தொங்குகிறது என்றால் அதை இன்றே இறக்கிவிடுங்கள். விளிம்பு தரையில் நேராகப் படாமல் துணியோ ரப்பரோ மடித்துப் போட்டு, முகம் சுவரைப் பார்க்க, நடமாட்டம் இல்லாத மூலையில் சாய்த்து, வழுக்காமல் அடியில் முட்டுக் கொடுத்து வையுங்கள்.